சுழியன் சதை போட்டிருக்கிறான்

திருச்சுழி பக்கம்,
மார்கழி.

அன்புள்ள அண்ணனுக்கு,

இல்லை, மெலியவில்லை. அதற்குப் பெயர் பக்குவம். அப்படித்தான் உங்களுக்கு எழுதச் சொன்னார் அய்யா.

போன கடிதத்தோடு நான் வைத்து அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, சுழியன் ஏன் இப்படி இருக்கிறான் என்று கேட்டிருந்தீர்கள். அந்த வரியை அய்யாவுக்குப் படித்துக் காட்டினேன். நாய்க்குக் கூழ் கரைத்துக்கொண்டிருந்தவர் பானையிலிருந்து கையை எடுக்காமலே சிரித்தார். "பட்டாளத்து ரொட்டியத் தின்னு உங்கண்ணனுக்குக் கண்ணு மாறிப்போச்சு. வேட்டை நாய்க்கு விலாவ எண்ண முடியணும். முடியலைன்னா அது கறிக்கடை நாயி" என்றார். பிறகு, "இதையும் எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

இங்கே எல்லோரும் இருக்கிறோம். அங்கே பனி எவ்வளவு விழுந்திருக்கும் என்று அம்மா தினமும் கேட்கிறாள். எனக்கு எப்படித் தெரியும். உத்தேசமாக ஒரு அளவு சொல்கிறேன். முழங்கால் வரை என்று சொன்ன அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு கணுக்காலோடு நிறுத்திக்கொண்டேன்.

நீங்கள் மேலே காவலுக்குப் போய்விட்டால் உங்கள் போனுக்கு சிக்னல் இல்லை. சனிக்கிழமை முகாம் போனில் கிடைக்கும் அந்தச் சில நிமிடங்களை நீங்களும் அய்யாவும் நாய்க்கே கொடுத்துவிடுகிறீர்கள். சுழியன் எப்படி இருக்கான். இருக்கான். தின்னானா. தின்னான். ஓட்டிப் பாத்தீகளா. பாத்தேன். அதோடு முடிந்துவிடும். பக்கத்தில் முந்தியைத் திருகிக்கொண்டு நிற்கும் அம்மா போன வாரம் சொன்னாள்: "எனக்கும் இன்னும் ரெண்டு காலு இருந்திருந்தா இந்த வீட்டு ஆம்பளைக என்னயவும் விசாரிச்சிருப்பாக." அய்யா காதில் விழாததுபோல் போய்விட்டார். விழுந்தது.

அதனால்தான் மிச்சத்தை நான் எழுதுகிறேன்.

மழை இந்த வருடமும் தீபாவளிக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. மக்காச்சோளத்தில் புழு. கொத்துமல்லி மட்டும் தப்பித்து நிற்கிறது. நான் அருப்புக்கோட்டையில் டியூஷன் சென்டருக்குப் போய் வருகிறேன். மதுரையில் படித்தபோது வாங்கிய புத்தகங்கள் இரண்டு அட்டைப்பெட்டிகளில் கயிறு கட்டியபடியே இருக்கின்றன. பிரிக்கவில்லை. பிரித்தால் இங்கேயே தங்கிவிட்டேன் என்று ஆகிவிடும்.

சுழியனுக்கு வருகிறேன். மாசிச் சிவராத்திரிக்கு மறுநாள் பாரிவேட்டை. இந்த முறையும் முன்னால் நடக்கும் முதல் நாய் நம் வீட்டு நாய்தான் என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்துவிட்டார்கள். முயலைத் தொட்டால் வழக்கு என்று ஆனபிறகு அது வேட்டையா என்று நான் கேட்கக்கூடாது. மாலை போட்ட நாய்களைப் பிடித்துக்கொண்டு கண்மாய்க் கரை வரை போகிறோம். அவிழ்த்து விடுகிறோம். அவை கருவேலங்காட்டுக்குள் ஓடிவிட்டு வெறும் வாயோடு திரும்புகின்றன. பொங்கல் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறோம். ஆனால் நாயை மட்டும் நிஜ வேட்டைக்குப் போலத் தயார்செய்ய வேண்டும். ஐப்பசியிலிருந்தே அய்யா அவனை அரை வயிற்றில் வைத்திருக்கிறார். யார் வீட்டு நாய்க்கு விலா அழகு என்று பார்க்கத்தானே அன்றைக்குக் கூட்டம்.

மல்லாங்கிணற்றிலிருந்து அருஞ்சுனை மாமா வந்திருந்தார். சுழியன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, சீப்பின் பல்லை நெருடுவதுபோல் விலாவை ஒவ்வொன்றாக விரலால் நெருடினார். "மச்சான், இவன் ஓட வேணாம். சும்மா நின்னாப் போதும். மத்த நாயெல்லாம் வெக்கப்பட்டு வீட்டுக்குப் போயிரும்" என்றார். அய்யா அவருக்கு இரண்டாவது டம்ளர் காபி கொண்டுவரச் சொன்னார். அவர் யாருக்கு அப்படிச் சொல்லி நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்?

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதை எழுதுவதில் என்ன.

சுழியன் இப்போது அமைதியாகிவிட்டான். முன்பெல்லாம் என் பஸ்ஸின் சத்தம் கேட்டாலே முக்கு வரை ஓடி வருவான். இப்போது பழைய மாட்டுக் கொட்டத்தில் படுத்தபடியே வாலை ஆட்டுகிறான். கொடுக்கிற அரை வயிற்றுக் கூழிலும் பாதியை வைத்துவிடுகிறான். தன் வயிற்றைத் தானே கட்டுகிற நாயை இப்போதுதான் பார்க்கிறேன் என்று அருஞ்சுனை மாமா போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். அவன் வைக்கிற மிச்சத்தைச் செவத்தி காலி செய்கிறாள். அவளை உங்களுக்கு நினைவிருக்குமா? நீங்கள் போகும்போது கைக்குட்டி. இப்போது அம்மாவின் செல்லம். அடுப்படியில் படுக்கை, மூன்று வேளைச் சோறு. குண்டாகிவிட்டாள், வேட்டைக்கு ஆகமாட்டாள் என்று அய்யா அவளை எண்ணிக்கையிலேயே சேர்ப்பதில்லை.

உண்ணி மருந்து போட்டாச்சா என்று கேட்டிருந்தீர்கள். வாங்கிவிட்டேன். பிடரியில் ஊற்றுகிற மருந்து. சின்னக் குப்பி. அய்யா வாங்கி, பொடி எழுத்தைக் கண்ணுக்கருகில் வைத்துப் பார்த்துவிட்டு, மாடத்தில் விபூதிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "பாரிவேட்டை முடியட்டும். மருந்து வாடையோட அவனச் சாமிக்கு முன்னால நிறுத்த மாட்டேன்" என்றார். அதற்காக அவர் சும்மா இருக்கிறார் என்று நினைக்க வேண்டாம். காலையில் வயலுக்குப் போகுமுன் சுழியனைத் தொடைகளுக்கு நடுவில் நிறுத்திக்கொள்கிறார். காது மடலுக்குள், கால் விரல் இடுக்கில், வாலடியில். ஒவ்வொன்றாகப் பிடுங்கி மண்ணெண்ணெய் ஊற்றிய சிரட்டையில் போடுகிறார். ரத்தம் குடித்து ஆமணக்குக் கொட்டை போல் ஊதிய உண்ணிகள். ஒரு நாளும் தவறியதில்லை. ஆனால் மறுநாள் காலையில் புதிதாக அத்தனை இருக்கின்றன. எங்கிருந்து ஏறுகின்றன என்று தெரியவில்லை. கருவேலங்காட்டிலிருந்து வருகின்றன என்று அய்யா சொல்கிறார். சுழியன் அந்தப் பக்கம் போய் நாளாகிறது.

அடுத்த முறை பேசும்போது அம்மாவை ஒரு வார்த்தை கேளுங்கள். அவளுக்கு இரண்டு கால்தான்.

உங்கள் தங்கை,
நாகஜோதி.

* * *

திருச்சுழி பக்கம்,
பங்குனி.

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆமாம், பொய்தான். போன சனிக்கிழமை அய்யா என்னிடம் போனைக் கொடுத்ததும் நீங்கள் கேட்டீர்கள், அய்யா சொல்றது நெசமா, சுழியன் அவ்வளவு சதை போட்டிருக்கானா என்று. உடனே லைன் அறுந்துவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். அறுந்துபோகவில்லை. நான்தான் வைத்தேன்.

சுழியன் இல்லை. சிவராத்திரிக்கு அடுத்து வந்த பௌர்ணமிக்குள் செத்துப்போனான். மல்லிக்காட்டு வரப்போரம் புதைத்திருக்கிறோம்.

இதை முதலிலேயே எழுதிவிட்டேன். கடைசியில் இருக்குமோ என்று பயந்துகொண்டே நீங்கள் படிக்க வேண்டாம்.

பாரிவேட்டை அன்று அவன்தான் முன்னால் நடந்தான். செவ்வந்தி மாலை, நெற்றிச் சுழியில் சந்தனம். ஊரே அவன் விலாவைப் பார்த்தது. காரியாபட்டியிலிருந்து வந்த ஆட்கள் போனில் படம் எடுத்தார்கள். ராக்கம்மாள் சித்தி, "எங்க வீட்டுல ஒருத்தரு இருக்காரு, அவரு வயித்தையும் இப்பிடிக் கட்டித் தர்றீகளா மச்சான்" என்று அய்யாவைக் கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். கண்மாய்க் கரையில் அய்யா கயிற்றை அவிழ்த்தார். மற்ற நாய்கள் பாய்ந்தன. சுழியன் ஒரு கணம் நின்றான். திரும்பி அய்யாவைப் பார்த்தான். பிறகு ஓடினான்.

எல்லா நாய்களும் திரும்பி வந்தபிறகு கடைசியாக வந்தான். நடந்து வந்தான். மூஞ்சியெல்லாம் ரத்தம்.

கூட்டத்தில் யாரோ, "பலிச்சிருச்சுடோய்" என்று கத்தினார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். இத்தனை வருடத்தில் வாயில் ரத்தத்தோடு திரும்பிய நாய் இல்லை அல்லவா. முயலைத் தேடி இரண்டு பேர் கருவேலங்காட்டுக்குள் ஓடினார்கள். "மெல்லமாக் கொலவை போடுங்கடி, வனத்துறைக்காரன் காதுல விழுந்தா முன்வரிசைதான் மொதல்ல உள்ள போகும்" என்று அருஞ்சுனை மாமா ஒரு பக்கம் கத்திக்கொண்டே மறுபக்கம் துண்டைச் சுழற்றி ஆடினார். அவர் கண்ணில் நீர். சந்தோஷத்தில்.

அய்யா தோளில் கிடந்த துண்டால் சுழியன் வாயைத் துடைத்தார். வாய் சுத்தமாக இருந்தது. பல்லில் ஒரு மயிர் இல்லை. பிறகு மூக்கிலிருந்து திரும்பவும் வந்தது. இன்னொரு முறை துடைத்தார். திரும்பவும் வந்தது.

நான் பக்கத்தில் நின்றேன், அண்ணே. அய்யா என்னை நிமிர்ந்து பார்த்தார். குலவை நிற்கவில்லை. எங்கள் இருவரைச் சுற்றி மட்டும் சத்தம் இல்லாததுபோல் இருந்தது. அவர் சுழியன் மூஞ்சியைத் துண்டால் மூடி, தோளில் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தார். மரியாதை செய்கிறார் என்று நினைத்து ஆட்கள் வழிவிட்டார்கள். சிலர் துண்டின் மேல் விபூதி போட்டார்கள்.

ஆட்டோ பிடித்து அருப்புக்கோட்டை மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். மாலையைக் கழற்ற மறந்துவிட்டோம். டாக்டரம்மா முதலில் மாலையைத்தான் பார்த்தார். கழற்றி என்னிடம் கொடுத்தார். உதட்டைத் தூக்கிக் காட்டினார். ஈறு வெளுத்து, உரித்த நுங்கு போல் இருந்தது. வயிற்றுத் தோலில் கேப்பை சிந்தியதுபோல் சிவப்புப் புள்ளிகள். உண்ணிக் காய்ச்சல் என்றார். உண்ணி கடிக்கும்போது ரத்தத்தில் இறங்குகிற நோய். முதலில் காய்ச்சல் வந்து போகும், பிறகு வெளியே தெரியாமல் மாதக்கணக்கில் உள்ளேயே இருந்து உருக்கும், ரத்தம் உறைகிற சக்தியே போனபிறகு மூக்கில் வரும். ஆரம்பத்தில் கொண்டுவந்திருந்தால் மாத்திரையிலேயே போயிருக்கும் என்றார். குற்றம் சொல்வதுபோல் சொல்லவில்லை. ஊசி மருந்தை எடுத்துக்கொண்டே சொன்னார்.

அய்யா, "உண்ணியே கெடையாது தாயி. தெனமும் எடுக்கேன். ஒருநாக்கூட விட்டதில்ல" என்றார்.

"தெரியுதுங்கய்யா. தோலு அவ்வளவு சுத்தமா இருக்கு. ஆனா நீங்க எடுக்கிறது அன்னன்னைக்கு ஏறினதை மட்டும். குடிச்சு முடிச்சது தானே எறங்கிப் போயி சுவத்து இடுக்குல முட்டை போடும். எங்க படுக்கிறான்?" என்று கேட்டார்.

கொட்டத்தில். கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய சுவர். அய்யா அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தபடியே.

பிறகு டாக்டரம்மா கேட்டார், இவ்வளவு மெலிந்ததை வீட்டில் யாருமே பார்க்கவில்லையா என்று.

பார்த்தோம் என்றேன்.

அன்று ராத்திரி அந்தப் படத்தை என் போனில் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்களுக்கு அச்சுப் போட்டு அனுப்பினேனே, அதே படம். உங்கள் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருப்பதாகவும், கூட இருக்கிறவர்கள் எந்த ஊர் நாய் என்று கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அதில் விலாவைத்தான் எல்லோரும் பார்த்தோம். காதைப் பாருங்கள். மடல் லேசாகத் திரும்பியிருக்கிறது. உள்ளே சாம்பல் மணிகள் போல் நான்கைந்து. காலையில் எடுத்தபிறகு மாலைக்குள் ஏறியவை. கண்ணையும் பாருங்கள். அவன் கேமராவைப் பார்க்கவில்லை. எதையுமே பார்க்கவில்லை. நீங்கள் ஒருவர்தான் ஏதோ சரியில்லை என்று கேட்டீர்கள், அத்தனை தூரத்திலிருந்து. அதற்குப் பக்குவம் என்று பதில் எழுதியது என் கை.

மாத்திரை, ஊசி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் அருப்புக்கோட்டை. எதைத் தின்றாலும் கொடுங்கள், தின்றால்தான் மருந்து நிற்கும் என்றார் டாக்டரம்மா. அய்யா பால் வாங்கினார், முட்டை வாங்கினார், திருச்சுழி கறிக்கடையில் முதல் ஆளாக நின்று ஈரல் வாங்கினார். வேகவைத்து, ஆறவைத்து, பிசைந்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினார். சுழியன் முகர்ந்தான். அய்யா மனம் நோகக்கூடாது என்பதுபோல் கையை ஒரு முறை நக்கினான். முகத்தைத் திருப்பிக்கொண்டான். தின்கிற நாயை நிறுத்த அய்யாவுக்குத் தெரியும். தின்னாத நாயிடம் எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை. "தின்னுடா. இனி ஓட வேணாம். தின்னுட்டுச் சும்மா கெட" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்று கேட்டேன். உள்ளே போகவில்லை.

ஒரு காலை, அவர் பால் கொண்டுபோனபோது அவன் எழவில்லை.

அய்யாவே குழி வெட்டினார். அவ்வளவு பெரிதாக எதற்கு என்று அம்மா கேட்டதற்கு, "காலை நீட்டிப் படுக்கிறவன்" என்றார்.

செவத்திக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தோம். அவளுக்கும் இருந்தது. ஆனால் தொடக்கத்திலேயே பிடித்துவிட்டோம். மூன்று வேளை தின்கிறவள் ஒரு வேளை தட்டை முகர்ந்துவிட்டுப் போனதும் அம்மா தெருவுக்கே கேட்கக் கத்திவிட்டாள், புள்ளை சோறு வேணாங்குது என்று. மாத்திரை நடக்கிறது. நேற்று அடுப்படியில் கருவாட்டைத் திருடி அடி வாங்கினாள். பிழைத்துக்கொள்வாள் என்று எனக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது. மாடத்தில் இருந்த குப்பியை அவளுக்குத்தான் உடைத்தேன். உடைக்கும்போது அய்யா அங்கே இல்லாதபடி பார்த்துக்கொண்டேன்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

புதைத்த அந்த வாரமே சனிக்கிழமை நீங்கள் பேசினீர்கள். சுழியன் எப்படி இருக்கான். நாங்கள் மூன்று பேரும் போனைச் சுற்றி நின்றோம். அய்யா சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். "இருக்கான்" என்றார். அம்மா கையிலிருந்த முந்தி நழுவியது. நீங்கள், தின்னானா என்றீர்கள். தின்னான் என்றார். வழக்கமான கேள்விகள், வழக்கமான பதில்கள். அவர் வாய் பழகிய வார்த்தைகளையே சொல்லிவிட்டது என்று அன்று நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை அவராகவே தொடங்கினார். கொஞ்சம் சதை போட்டிருக்கான் என்றார். அதற்கு அடுத்த முறை, விலாவே தெரியலப்பா, தொட்டா மெத்துனு இருக்கான் என்றார். ரெண்டு வேளை ஈரல் தின்கிறான் என்றார். முக்கு வரை ஓடி வந்து உன் தங்கச்சியக் கூட்டிக்கிட்டு வாரான் என்றார்.

நீங்கள் திட்டினீர்கள். நாய வீணாக்கிட்டீகளேய்யா, வெயிலுக்கு முன்னால ஓட்டி எறக்குங்க, இப்பிடியா விடுவாக, ஊருல சிரிக்க மாட்டாகளா என்றீர்கள். அய்யா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டார். "ஆமாப்பா. என் தப்புத்தான். நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்" என்றார். அவருடைய குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. உங்களுக்கு அது ஒரு கொழுத்த நாயைப் பற்றிய பேச்சு. அதற்குள் அவர் எதைச் சொல்லிக்கொண்டிருந்தார் என்று எங்களுக்குத் தெரிந்தது. அந்தத் திட்டு அவருக்கு வேண்டியிருந்தது போல. போனை வைத்துவிட்டு அன்று கொஞ்சம் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு சரியாகச் சாப்பிடவில்லை.

பகல் முழுக்கக் கொட்டத்தில் இருக்கிறார். சுழியன் படுத்த சாக்கை எரித்துவிட்டார். சுவரில் ஒவ்வொரு இடுக்காகக் கத்தி முனையால் சுரண்டுகிறார். உள்ளே கடுகைக் கொட்டியதுபோல் குஞ்சு உண்ணிகள். டாக்டரம்மா எழுதிக்கொடுத்த மருந்தை அடித்துவிட்டு, சுண்ணாம்பும் சிமென்டும் குழைத்து அப்புகிறார். அந்த உண்ணிகள் ஒன்றும் தின்னாமல் சுவருக்குள் மாதக்கணக்கில் காத்திருக்குமாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கத்தில் அந்தச் சுவர் வருகிறது. உள்ளே பசி. வெளியே அரை வயிறு. நடுவில் ஊரே நின்று பாராட்டுகிறது.

செவத்தியைத் தினமும் தடவிப் பார்க்கிறார். விலா கையில் தட்டுப்பட்டால் இன்னொரு கரண்டி சோறு. "இப்பிடியே போனா வீட்டுல பன்னி வளக்கிறோம்னு பஞ்சாயத்துல வந்து கேப்பாக" என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. அருஞ்சுனை மாமா துக்கம் கேட்க வந்தார். பேச்சின் நடுவில் பழக்கத்தில் அவர் கை செவத்தியின் விலாவுக்குப் போயிற்று. பாதியில் நிறுத்தி, மடியில் வைத்துக்கொண்டார்.

அண்ணே, சித்திரையில் லீவு கிடைத்து வந்தால் முதலில் கொட்டத்தை எட்டிப் பார்க்காதீர்கள். முதலில் அய்யாவைப் பாருங்கள். சட்டை போடாமல் நிற்கும்போது பாருங்கள். அவர் மெலிந்துவிட்டார். அதைப் பக்குவம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. ஆனால் வேறு எதுவும் சொல்லவும் எங்களுக்குத் தெரியவில்லை. நாயை விட்டால் அவரிடம் பேச இந்த வீட்டில் யாருக்கும் வழி பழகவில்லை. உங்களுக்கும்தான்.

நான் எழுதியதை அவரிடம் சொல்லிக்கொள்ள வேண்டாம். என்றைக்காவது அவரே சொல்வார். அதுவரை சனிக்கிழமை தோறும் சுழியனை விசாரியுங்கள். அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னும் சதை போட்டிருக்கான் என்று சொன்னால் திட்டாதீர்கள். போடட்டும்யா, வயிறு நெறையத் தின்னட்டும், ஓடினது போதும் என்று ஒரு முறை சொல்லுங்கள். பிறகு, மெதுவாக, நீங்க சாப்பிட்டீகளா என்று கேளுங்கள். உடனே பதில் வராது. போனை வைத்துவிடாதீர்கள்.

அம்மா உங்களுக்கு விபூதி மடித்துத் தந்திருக்கிறாள். இந்தத் தாளுக்குள் இருக்கிறது. பனிக்குக் காதை மூடிக்கொள்ளச் சொன்னாள். பத்திரமாக இருங்கள். நன்றாகச் சாப்பிடுங்கள்.

உங்கள் தங்கை,
நாகஜோதி.

உறையை ஒட்டுமுன் ஒரு வரி. கொட்டத்துக்குப் போனேன். மத்தியானம் கடந்தும் அய்யா வேலையை விடவில்லை. மேற்குச் சுவரில் பாதி மிச்சம். கொத்துக்கரண்டியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, அம்மா தட்டு வைத்துவிட்டாள் என்று சொன்னேன். அவர் கை கழுவப் போனார். மிச்ச இடுக்குகளை நான் அடைத்தேன்.